எட்டு வாரக்காரர்

எங்கள் நாய் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டருக்கு என்று ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எல்லோருக்கும் அவர் ‘எட்டு வாரம்’தான். மேஜையில் பூனை ஏதாவது முரண்டு பிடித்தால் டாக்டரம்மாகூட, “எட்டு வாரத்தைக் கூப்பிடு!” என்றுதான் கத்துவார். அந்தப் பெயரை வைத்தவள் நான். பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுதியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

பெயர் வந்த கதை பெரிய கதையில்லை. யாராவது காய்கறிப் பையிலோ செருப்பு டப்பாவிலோ ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வருவார்கள். இவர் சிரிக்க மாட்டார். குட்டியின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்குவார், பல்லைப் பார்ப்பார், ஒரு கையால் வயிற்றைத் தாங்கி எடை பார்ப்பார். “முப்பத்திரண்டு நாள்” என்பார்.

“இல்லிங்களே, ரெண்டு மாசம்னு சொல்லித்தான் குடுத்தாங்க.”

“அவங்க சொன்னாங்க. பல்லு சொல்லலையே.”

அப்புறம் பாடம் ஆரம்பமாகும். எட்டு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவைகளோடு விளையாடித்தான் குட்டி தெரிந்துகொள்ளும். இது அழுத்திக் கடித்தால் அது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும். அதுதான் அதற்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்து வந்தால் பிறகு ஆயுசுக்கும் பயந்து சாகும், இல்லாவிட்டால் உங்கள் கையைக் கடிக்கும். “கொண்டுபோய் தாய்கிட்டயே விடுங்க. எட்டு வாரம் ஆனதும் நானே ஊசி போடறேன்.” தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பாதிப் பேர் திருப்பிக் கொண்டுபோவார்கள். மீதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எனக்கும் அவர்கள் மேல் பரிதாபமாகத்தான் இருக்கும். “கொஞ்சம் விட்டுக்குடுத்தாதான் என்னண்ணே, அம்பத்தஞ்சாவது நாள் வந்தாலும் திருப்பி அனுப்புவீங்க போல” என்பேன். “ஆமா, அனுப்புவேன்” என்பார். அனுப்பவும் செய்வார்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் நாய் கிடையாது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறையில் குடியிருந்தார்கள், அவரும் நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும். குழந்தை இல்லை. கீழே முன்பக்கம் அக்காவின் கடை. புதுத்துணி தைக்க மாட்டார். வாங்கிய துணியைத் திருத்திக் கொடுப்பார். பேண்ட்டின் காலை வெட்டுவது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. “கடைக்காரன் தைக்கிற அளவுக்கு எந்த மனுஷனும் பொறக்கறதில்ல, அதனால என் பொழப்பு ஓடுது” என்பார். கழுத்தில் எந்நேரமும் அளவுநாடா தொங்கும். போனால் முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஒரு இஞ்ச் கூடிட்ட” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை.

அக்காவுக்கு நாய் என்றால் உயிர். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இவர் அசையவில்லை.

“காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாயோடதான் இருக்கேன். வீட்டுக்கு வந்தா நீ ஒருத்தி போதும்” என்பாராம்.

“இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கறதா வேணாமான்னு இருபத்திரண்டு வருஷமா யோசிக்கறேன்” என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

உண்மைக் காரணம் வேறு. குணமாக்க முடியாத நாய்க்கு டாக்டரம்மா கடைசி ஊசி போடும்போது அதைப் பிடித்துக்கொள்கிறவர் இவர்தான். சொந்தக்காரர்கள் வெளியே போய்விடுவார்கள். இவர் அதன் தலையைத் தன் முழங்கையில் சாய்த்துக்கொண்டு, அடங்குகிற வரைக்கும் காதைத் தடவிக்கொண்டு நிற்பார். “வேற வீட்டு நாய்னா நின்னுடறேன். என் நாய்க்கு என்னால நிக்க முடியாதும்மா” என்று ஒரு தடவை சொன்னார்.

போன வருஷம் அக்காவுக்கு முதுகுவலி வந்தது. மெஷினில் குனிந்து குனிந்து தைப்பதால் என்று எல்லோரும் நினைத்தோம். ஸ்டூலை மாற்றினார், தலையணை வைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கணையத்தில் கட்டி என்றார்கள். கல்லீரல் வரைக்கும் போயிருந்தது. கம்பவுண்டர் அதை என்னிடம் சொன்னது கட்டுத்துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது. கத்தரிக்கோல் நிற்கவே இல்லை. “மூணு மாசம்கறாங்க. நல்லாப் போனா நாலு.” ஜன்னலுக்கு வெளியே ஒருவர் பூனைக்குச் சீட்டு எழுதச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் அக்கா மறுபடி கேட்டார். நான் பார்க்கப் போயிருந்தேன். இவர் சுவரோரமாக நின்றுகொண்டு மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இப்பவாச்சும் ஒரு குட்டி கொண்டு வாங்களேன்.”

எப்போதும் சொல்கிற பதிலை எதிர்பார்த்து நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“சரி” என்றார்.

அக்காவுக்கே நம்ப முடியவில்லை. “நல்லாக் கேட்டுக்கம்மா, நீதான் சாட்சி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் ஆஸ்பத்திரி மாடிக்குப் பூந்தொட்டி கொடுக்கிற நர்சரிக்கார அம்மாவின் நாய் குட்டி போட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நர்சரி ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான்தான் போன் செய்தேன். இந்த இடத்தை நான் எத்தனை தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னலில் சீட்டு எழுதும்போது ‘எந்தத் தேதி பிறந்தது?’ என்று கேட்பதுதான் என் வேலை. தேதி சொல்லாதவர்களை நான் விட்டதேயில்லை. அன்றைக்கு நான் தேதி கேட்கவில்லை.

“குட்டிக்கு எத்தனை நாளாச்சும்மா?” என்றுதான் கேட்டேன்.

“இன்னியோட இருபத்தொரு நாள்” என்றார் அந்த அம்மா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல்.

“எட்டு வாரம் ஆனதும் வந்து எடுத்துக்கறோம்.”

“எட்டு வாரம்னா அம்பத்தாறா? சரி, எண்ணி வெக்கறேன். நான் எண்ணினா தப்பாது.”

ஐம்பத்தாறில் இருபத்தொன்று போனால் முப்பத்தைந்து. ஐந்து வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை. கம்பவுண்டர் அன்று சாயங்காலமே அக்காவின் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். அக்கா நர்சரிக்கார அம்மாவிடம் போனில் தானே பேசி, குட்டியையும் பொறுக்கிக்கொண்டார். நான்கில் எது வேண்டும் என்று கேட்டதற்கு, “எது ரொம்பத் தூங்குதோ அதைக் குடுங்க. எனக்குத் துணையா இருக்கும்” என்றார். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை என்று அந்த அம்மா வர்ணித்தார். படம் அனுப்பச் சொல்லலாமென்றால் அவரிடம் இருந்தது பட்டன் போன்.

“ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே. எட்டு வாரம்னு பேரு வெச்சுக்கிட்டு ஒரு எட்டு போறதுக்கு இவ்வளவு யோசனையா?” என்று நான் சீண்டினேன்.

“பாத்தா தூக்கிட்டு வந்துடுவேன்” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. “என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அவ முகத்தை நெனச்சுக்கிட்டு குட்டியையும் பாத்தேன்னா, நாளெல்லாம் எண்ண மாட்டேன்.”

அக்கா அந்த நாட்களில் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். உட்கார முடிந்தவரைக்கும் உட்கார்ந்து, பேண்ட்டுகளிலிருந்து வெட்டிய கால் துண்டுகளைச் சேர்த்துக் குட்டிக்குப் படுக்கை தைத்தார். ஜீன்ஸ், கோடு போட்டது, யாரோ ஒரு போலீஸ்காரரின் காக்கி எல்லாம் அதில் இருந்தன. “ஊர்ல இருக்கிற அத்தனை பேர் கால்லயும் படுத்துத் தூங்கும்” என்றார். மூன்றாவது வாரம் உட்கார முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, முகம் மஞ்சளாகிவிட்டது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புதன்கிழமை மருந்து அறையில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“போதும்ணே உங்க எட்டு வாரம். இப்ப அஞ்சு வாரம் ஆச்சில்ல? போய் எடுத்துட்டு வாங்க. ஒரு குட்டி கொஞ்சம் பயந்தாங்கொள்ளியா வளந்தா உலகம் முழுகிடாது.”

“நேத்தே கேட்டேன். எடுத்துட்டு வரட்டான்னு அவகிட்ட கேட்டேன்” என்றார்.

“அக்கா என்ன சொன்னாங்க?”

“வேணாங்கறா.”

நான் நம்பவில்லை. சாயங்காலம் நேராக வீட்டுக்கே போய்க் கேட்டேன். அக்காவின் குரல் ரொம்ப இறங்கிப்போயிருந்தது. ஆனாலும் வாய் குறையவில்லை.

“ஊர்ல இருக்கறவங்க குட்டியெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, தனக்குன்னு வந்தா மட்டும் அஞ்சு வாரத்துல தூக்கிட்டு வருவாராமா? நாளைக்கு எவனாச்சும் கேட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுப்பாரு?” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். இவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னார். “லூசு, அது எனக்கா? நான் எத்தனை நாளைக்கு? அது அவருகூட பத்து வருஷம் இருக்கப்போற நாய். நல்ல நாயா வரணும். பாதிப் பள்ளிக்கூடத்துல இழுத்துட்டு வந்து, அது இவரையே கடிச்சு வெச்சா, இந்த மனுஷன் தனியா உக்காந்து அதையும் என் தப்புன்னு நெனச்சு அழுவாரு. நான் தாக்குப் பிடிச்சுக்கறேன். வட்டம் போட்ட செவ்வாய்க்கிழமை வரைக்கும்தானே.”

தாயோடு சேர்த்துக் கொண்டுவந்து காட்டலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். வண்டியே ஏறியிராத நாய், பயந்தால் பால் சுரப்பது நின்றுவிடும், மற்றக் குட்டிகளும் பட்டினி என்றார் கம்பவுண்டர். எல்லாவற்றுக்கும் அவரிடம் சரியான பதில் இருந்தது. அப்படியென்றால் நானாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு படம் எடுத்து வந்திருக்கலாம். போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் துணி துவைக்க இருந்தது என்று ஞாபகம்.

அதற்கும் ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை மத்தியானம் அக்கா போய்விட்டார். கம்பவுண்டர் பக்கத்தில்தான் இருந்தார். கடைசி வரைக்கும் காதைத் தடவிக்கொண்டிருந்தார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். அந்த அம்மாவுக்கு அது விநோதமாகப் பட்டிருக்கிறது. எனக்குப் படவில்லை.

எல்லாம் முடிந்து நான்கு நாளில் வேலைக்கு வந்துவிட்டார். குட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் நர்சரிக்கார அம்மாவுக்குப் போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அம்மாவே கூப்பிட்டார். “இன்னியோட அம்பத்தாறு. வந்து எடுத்துக்கங்க” என்றார். இவரிடம் சொன்னேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, “வர்றியா?” என்று மட்டும் கேட்டார்.

போனோம். வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் நாற்றுகள். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் குச்சியில் ஒரு அட்டை, அட்டையில் தேதி. தொட்டிகளுக்குப் பின்னால் சாக்கு விரித்திருந்தது. கறுப்புக் குட்டி தூங்கவெல்லாம் இல்லை. ஒரு கயிற்றைக் கவ்வித் தன் தம்பியோ தங்கையோ யாரையோ இழுத்துக்கொண்டு ஓடியது. கம்பவுண்டர் குனிந்து அதைத் தூக்கினார். பழக்க தோஷம், கட்டைவிரல் தானாக மேலுதட்டுக்குப் போயிற்று.

பல்லைப் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். வயிற்றைத் தாங்கி எடை பார்த்தார். முன்னங்காலை விரலால் அளந்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். ஆனால் எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

“அம்மா, இது எந்தத் தேதி பொறந்துச்சு?” என்று கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“தேதி யாருக்குத் தெரியும்? அந்தப் பேய் மழை பேஞ்சுச்சே, ஊரெல்லாம் தண்ணி நின்னுச்சே, அன்னைக்குத்தான். நாத்தைக் காப்பாத்தறதா நாயைப் பாக்கறதான்னு தெரியாம முழிச்சேன்.”

அந்த நாள் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, கூண்டுகளை மாடிக்குத் தூக்கிய நாள். பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தாறு இல்லை. எழுபது. பத்து வாரம்.

“எழுபது நாளாகுதேம்மா” என்றேன்.

“அது பொறந்ததுலேர்ந்து. நான் கண்ணு தொறந்த நாள்லேர்ந்து எண்ணினேன்.” அந்த அம்மாவுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை. அட்டை குத்திய வரிசையைக் காட்டினார். “இதெல்லாம் முளைச்ச தேதிதான் போட்டிருக்கேன். வெதை போட்ட நாளையா எண்ணுவாங்க? பாதி முளைக்கவே முளைக்காது. இதுகூட ஆறு போட்டுச்சு. ரெண்டு குட்டி கண்ணே தொறக்கல. கண்ணு தொறந்தாத்தானே அது நம்மகிட்ட வந்ததா கணக்கு? தாய்கூட ஒரு நாள் கூடுதலாவே இருக்கட்டும்னு, சரியா எண்ணி வெச்சிருந்தேன். தப்பா எதாச்சும்…?”

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாக என்னை. நான் வாயைத் திறக்கப்போனேன். கம்பவுண்டர் என் கையை லேசாகத் தொட்டார்.

“ஒண்ணும் தப்பில்லம்மா. குட்டிய ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. எல்லாரும் இப்படி வெச்சிருந்தாங்கன்னா எனக்கு வேலையே இருக்காது” என்றார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டில் அம்மா எப்படியிருக்காங்க, அன்னைக்கு எவ்வளவு நல்லாப் பேசினாங்க என்று கேட்டார். அவரும் “நல்லாருக்கா” என்றார். நான் நாற்றுகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பஸ்ஸில் குட்டியை ஏற்ற மாட்டார்கள் என்று ஆட்டோ பிடித்தோம். அவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே வந்தேன், மறைக்கவில்லை. தேதி கேட்காதது நான்தான், என் மேல்தான் தப்பு என்று சொன்னேன்.

“உன் மேல இல்ல. முப்பது வருஷமா பல்லு பாத்து நாள் சொல்றவன் நான். யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன், பல்லு சொல்லட்டும்பேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் போன்ல சொன்னதை நம்பிட்டேன்.” குட்டி அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. அழுத்தாமல், பதமாகக் கடித்தது. “முப்பத்தஞ்சு நாள்னு கேட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. நாய் வீட்டுக்கு வர அவ்வளவு நாள் இருக்குன்னு. அதான் போய்ப் பாக்கல போல.”

நான் கணக்குப் போட வேண்டியதே இல்லை, அவரே போட்டிருந்தார். “இதுக்கு எட்டு வாரம் ஆனது போன மாசக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. நீ மருந்து ரூம்ல என்கூட சண்டை போட்டப்ப அஞ்சு வாரம்னு சொன்னியே, அன்னைக்கு இதுக்கு ஏழு முடிஞ்சிருக்கு. அவ திங்கக்கிழமை போனா. ஆறு நாள் இருந்திருக்கு.”

ஆறு நாள். எட்டு வாரத்தை ஒரு நாள்கூடக் குறைக்காமல், யாரிடமும் தலைகுனியாமல், அவர் பாடத்தின்படியே, அந்தக் குட்டி ஆறு நாள் அக்காவின் வயிற்றோரம் படுத்துத் தூங்கியிருக்கலாம். எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. யாரும் தப்பு செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆட்டோ சந்துக்குள் திரும்பியது. அக்காவின் கடைக் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது.

“தெனம் காலைல கண்ணு முழிச்சதும் கேப்பா, இன்னும் எத்தனை நாள்னு” என்றார். “திங்கக்கிழமையும் கேட்டா. எட்டுன்னேன். ‘அவ்வளவுதானே, இருந்துடுவேன்’னா.”

வண்டி நின்றது. அவர் இரண்டு கையிலும் குட்டி இருந்ததால், சட்டைப் பையிலிருந்து சாவியை என்னை எடுக்கச் சொன்னார்.